பிரிக்காத சீட்டு

பதினோரு படகு, பதினோரு வலைப்பாடு,
பிஸ்கட் டப்பாவில் பதினோரு சீட்டு.
நியூஃபவுண்ட்லாந்தின் கிழக்குக் கரையில்
ஏப்ரல் என்றாலும் பனிதான்;
பள்ளிக்கூட அடுப்பைச் சுற்றி
ஈரக் கையுறைகள் நாறிக்கொண்டிருந்தன.

கரும்பலகையில் பாடுகளின் பெயர்கள்:
நனைந்த செருப்பு, பாதிரியார் பல்,
பிசாசின் முழங்கை, இன்னும் என்னென்னவோ.
அவற்றில் இரண்டே இரண்டுதான் பாடு;
மற்ற ஒன்பதும் படும் பாடு.
கன்றுப்பாறை, உள்வாசல்:
ஜூனில் காட் மீன் கரையை நெருங்கும்போது
பொறிவலை கிழியக் கிழிய நிறைவது அங்கேதான்.

பனிச்சேற்றில் வண்டி புதைந்து
கடைசியாக வந்து சேர்ந்தேன்.
வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும்.
"பந்திக்குப் பிந்தியவளுக்கு முள்தான்" என்றான் ஒபதையா.
தம்பி என்னை முறைத்தான்.

டீசல் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
முதலில் எடுப்பவனுக்குப் பதினொன்றில் இரண்டு.
அடுத்தவனுக்கு?
முன்னவன் நல்லதைக் கொண்டுபோனால் பத்தில் ஒன்று,
விட்டுவைத்தால் பத்தில் இரண்டு.
பெருக்கிக் கூட்டினால் நூற்றுப்பத்தில் இருபது;
சுருக்கினால், மறுபடியும் பதினொன்றில் இரண்டு.
மூன்றாமவனுக்கும் போட்டுப் பார்த்தேன். அதேதான்.
எனக்கும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்,
ரசீதில் இடமில்லை.
தம்பியிடம் காட்டினேன்.
"வண்டியை ஒழுங்காக ஓட்டியிருக்கலாம்" என்றான்.

அசரையா எடுத்தான்: நனைந்த செருப்பு.
பலகையில் அவன் பெயர் ஏறியது.
எடுத்த சீட்டு டப்பாவுக்குத் திரும்புவதில்லை,
அடுப்புக்குப் போகிறது.
எனக்கு இப்போது பத்தில் இரண்டு.
லெவை பார்ட்டர்: பாதிரியார் பல். ஒன்பதில் இரண்டு.
அடுத்தவன் வாய் கோணக் கோண
என் பங்கு கொழுத்துக்கொண்டே வந்தது.
வெட்கமாக இருந்தது. எண்ணுவதை நிறுத்தவில்லை.
மூன்றாவது ஒபதையா: உள்வாசல்!
தொப்பியைக் கூரைக்கு எறிந்தான்.
எட்டில் ஒன்றாய் இளைத்தேன்.

நான்காவது, செல்பி கீப்பிங்.
எடுத்தான். பிரிக்கவில்லை.
சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.
"பிரிடா" என்றார்கள்.
"பிரிக்கணும்னு சட்டம் இருக்கா?" என்றான்.
இல்லை.
தொப்பியின் காதுமடல்களை இழுத்துவிட்டு
பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
தேநீரில் ரொட்டியை நனைத்தான்.

டப்பாவில் ஏழு.
ஆனால் என் கணக்கு ஏழுக்கு இறங்க மறுத்தது.
யாரும் பார்க்காத சீட்டு
எந்தப் பையில் கிடந்தாலும் டப்பாவில் கிடப்பதுதான்.
செல்பியின் நெஞ்சோடு ஏறி இறங்குவதையும் சேர்த்து
எட்டில் ஒன்று.

பிறகு ஆறு கைகள், ஆறு வசைகள்.
ஏழு, ஆறு, ஐந்து,
நான்கு என்று வந்தபோது நாக்கு வறண்டது.
கன்றுப்பாறை வரவேயில்லை.

நான் எழுந்தபோது
டப்பாவில் ஒன்று, அவன் பையில் ஒன்று.
பலகையில் ஆளில்லாமல் இரண்டு:
கன்றுப்பாறை, பிசாசின் முழங்கை.
பாதிக்குப் பாதி.

கை விட்டேன். தகரம் சில்லென்றது.

பிசாசின் முழங்கை.

தம்பி வெளியே போய்க் கதவை அறைந்து சாத்தினான்.
நான் செல்பியைப் பார்த்தேன்.
அவன் அசையவில்லை. சீட்டும் அசையவில்லை.
ஒரு பொத்தானுக்குப் பின்னால்
பாதி முழுதாகியிருந்தது.
என் கைதான் அதைச் செய்தது.

அறைக்குத் தெரியும், அடுப்புக்குத் தெரியும்,
அவனுக்கு மட்டும் தெரியாது.
யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.
"சொல்லிடாதே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.
"மூணு வருஷமா எனக்கு முழங்கைதான்.
ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்
எட்டில் ஒண்ணு என்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்."

அவன் திரும்புவதற்குள் பலகையை அழித்தேன்,
பதினோரு பெயரையும்.
சாக்குத்தூள் கோட்டுக் கைக்குள் இறங்கியது.
வெளியே தம்பி
தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.